பிள்ளைகளின் சரித்திரக் கதையில் உழைப்பவன் எங்கே?

"குழந்தைகளுக்கு அரசியல் வேண்டாம், கதை போதும்" என்று சில கனவான்கள் உபதேசம் செய்கிறார்கள். கூலியைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் பிள்ளைகளிடம் பேசினால் பிஞ்சு மனம் கெட்டுவிடுமாம். ராஜா ராணி கதை சொல்லுங்கள், வீரதீரப் பராக்கிரமக் கதை சொல்லுங்கள், அதுவே நல்லது என்கிறார்கள்.

கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும். ஆனால் இந்தக் கனவான்களை நாம் ஒரு கேள்வி கேட்கிறோம். ராஜா கதை அரசியல் இல்லையா? நாடு பிடித்தவன் வீரன், வரி கொடுத்தவன் வெறும் குடி. பல்லக்கில் போனவனுக்குப் பெயர் உண்டு, பல்லக்குத் தூக்கியவனுக்குப் பெயர் இல்லை என்று பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது அரசியல் அல்லாமல் வேறென்ன? அரசியலிலேயே மிகப் பழைய அரசியல் அதுதான். அரசியல் என்று தெரியாதபடி சொல்லப்படுவதால்தான் அதற்கு இத்தனை பலம்.

பள்ளிக்கூட ஆண்டு விழாவைப் பாருங்கள். ராஜா வேஷம் என்றால் பத்துப் பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு வருகிறார்கள். குடியானவன் வேஷம் போடு என்றால் பிள்ளையின் முகம் சுண்டிப் போகிறது. அந்தப் பிள்ளையின் அப்பன் யார்? வருசநாட்டு மலையடிவாரத்தில் மண்வெட்டி பிடிப்பவன். அம்மா யார்? நூல் மில்லில் ஷிப்டு முடித்துவிட்டு வந்து உலை வைப்பவள். அப்பனின் வேஷத்தைப் போடப் பிள்ளை வெட்கப்படுகிறது என்றால், அந்த வெட்கத்தை அதற்குக் கற்றுக் கொடுத்தது யார்? வீட்டில் யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. அது கேட்ட கதையும் பார்த்த படமும் கற்றுக் கொடுத்திருக்கின்றன.

இந்த விஷயத்தில் நம் பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு மனிதர் உண்டு. இங்கிலாந்து தேசத்தவர். பெயர் ஜெப்ரி டிரீஸ். 1909ல் பிறந்து 1998ல் காலமானவர். பிள்ளைகளுக்குச் சரித்திரக் கதை எழுதுவதே அவருடைய பிரதான வேலையாக இருந்தது. 1934ல் தொடங்கி அறுபது வருஷங்களுக்கு மேல் எழுதி, 113 புத்தகங்களை வெளியிட்டார். அவர் என்ன செய்தார் என்று பார்ப்பதற்கு முன்னால், எதை எதிர்த்துச் செய்தார் என்று பார்த்துவிட வேண்டும். ஏனென்றால் அந்தக் கதையில் நம் தமிழ்நாடும் வருகிறது.

கிளைவின் பின்னால் போன பையன்

ஹென்டி என்று ஒருவர் இங்கிலாந்தில் இருந்தார். 1832ல் பிறந்தவர், 1902ல் இறந்தவர். யுத்த நிருபர் வேலை பார்த்த பிறகு பிள்ளைகளுக்கு எழுதத் தொடங்கினார். நூற்றுக்கும் மேற்பட்ட கதைப் புத்தகங்கள் எழுதிக் குவித்தார். இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு, பள்ளிக்குப் பள்ளி அவை பரிசாகக் கொடுக்கப்பட்டன.

இந்தப் புத்தகங்களில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. பதினைந்து பதினாறு வயது இங்கிலீஷ் பையன் ஒருவன் வீட்டை விட்டுப் புறப்படுவான். ஏதாவது ஒரு யுத்தத்தில் பெயர் பெற்ற தளபதி ஒருவரிடம் போய்ச் சேருவான். சாகசம் புரிவான். பணமும் பெயருமாக ஊர் திரும்புவான். அந்தப் பையன் சண்டை போட்ட ஊர் யாருடைய ஊர், அவன் கொண்டுவந்த பணம் யாருடைய பணம் என்ற கேள்வி மட்டும் கதையில் எழாது.

1884ல் ஹென்டி எழுதிய புத்தகத்தின் பெயர் 'கிளைவுடன் இந்தியாவில்'. கதாநாயகன் கிழக்கிந்தியக் கம்பெனியில் குமாஸ்தா வேலைக்காகச் சென்னைக்குக் கப்பலேறி வரும் பையன். ஆற்காட்டு முற்றுகை, பிளாசி யுத்தம் எல்லாம் அவனுக்கு விளையாட்டு மைதானம். 1857ம் வருஷத்துப் பெரும் புரட்சியைப் பற்றி 1881ல் ஒன்று எழுதினார். திப்பு சுல்தானைக் கொடுங்கோலனாகச் சித்தரித்து 1896ல் 'மைசூர்ப் புலி' என்று ஒன்று எழுதினார்.

தோழர்களே, ஆற்காட்டு முற்றுகையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1751ல் நடந்தது. கோட்டைக்குள் கிளைவோடு இருந்தவர்களில் பெரும்பாலோர் நம் ஊர்ச் சிப்பாய்கள். அரிசி குறைந்தபோது, "சோற்றை வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் கொடுங்கள், வடித்த கஞ்சித் தண்ணீர் எங்களுக்குப் போதும்" என்று அவர்கள் சொன்னதாக மெக்காலே பிரபு எழுதி வைத்திருக்கிறார். விசுவாசத்துக்கு உதாரணமாக இதை ஏகாதிபத்தியவாதிகள் நூறு வருஷம் மேற்கோள் காட்டினார்கள். சரி, அப்படிக் கஞ்சித் தண்ணீர் குடித்த சிப்பாய் ஒருவனுடைய பெயராவது பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டதா? இல்லை. அவனுக்கு ஊர் உண்டா, பெண்டாட்டி பிள்ளை உண்டா, எந்தப் பஞ்சம் அவனைக் கம்பெனிப் பட்டாளத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது என்று யாராவது கேட்டார்களா? இல்லவே இல்லை.

கிளைவ் கொள்ளை கொள்ளையாகச் சம்பாதித்துக்கொண்டு ஊர் திரும்பினான். வங்காளத்தில் 1770ல் பஞ்சம் வந்தது. ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்கு அழிந்திருக்கும் என்று கம்பெனியின் கவர்னர் வாரன் ஹேஸ்டிங்ஸே கணக்குச் சொன்னார். 1799ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. அதே 1799ல் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான். 1801ல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். இவற்றையெல்லாம் மறைத்து விட்டு, "போ தம்பி, கிழக்கே போ, அதிர்ஷ்டம் காத்திருக்கிறது" என்று லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குச் சொன்னது அந்தக் கதை. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து கலெக்டர்களாகவும் போலீஸ் சூப்பிரண்டுகளாகவும் இங்கே வந்து இறங்கினார்கள்.

இதற்குப் பெயர்தான் "அரசியல் கலக்காத கதை"!

ஆக்ஸ்போர்டை விட்டு வெளியேறியவர்

ஜெப்ரி டிரீஸ் கூலிக்காரன் வீட்டில் பிறந்தவர் அல்ல. நாட்டிங்ஹாம் நகரத்தில் ஒயின் வியாபாரி ஒருவரின் மகன். படிப்பில் கெட்டி. உபகாரச் சம்பளம் பெற்று ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலைக்குப் போனார். கிரேக்கமும் லத்தீனும் படிக்கப் போனவர் ஒரே வருஷத்தில் சலித்துப்போய் வெளியே வந்துவிட்டார். பட்டம் வாங்கவில்லை. லண்டனின் கிழக்குப் பகுதியில், ஏழைகள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த பேட்டையில், பிள்ளைகளுக்கு உதவி செய்யும் வேலையில் சேர்ந்தார். பிறகு பத்திரிகையில் எழுதினார், வாத்தியார் வேலையும் பார்த்தார்.

அது எந்தக் காலம்? 1929ல் தொடங்கிய பொருளாதார நெருக்கடி உலகத்தையே உலுக்கிய காலம். இங்கிலாந்தில் ஆலைகளும் சுரங்கங்களும் மூடிக் கிடந்தன. வேலையில்லாதோர் லட்சக்கணக்கில் தெருவில் நின்றார்கள். ஆனால் அவர்களுடைய பிள்ளைகள் கையில் இருந்த புத்தகமோ ஹென்டி வகைப் புத்தகம்தான். அப்பன் வேலை கேட்டு வரிசையில் நிற்கிறான், மகன் கிளைவுடன் கற்பனையில் குதிரை ஓட்டுகிறான்!

அந்தச் சமயத்தில் ரஷ்யாவில் சிறுவர்களுக்காக எழுதப்பட்ட நூல் ஒன்று இங்கிலீஷில் வந்தது. அதைப் படித்த டிரீஸுக்கு ஒரு யோசனை பிறந்தது. உழைப்பவர்கள் பக்கம் நின்று பிள்ளைகளுக்குச் சரித்திரக் கதை ஏன் எழுதக்கூடாது? உழைப்பாளி இயக்க நூல்களை வெளியிட்டு வந்த மார்ட்டின் லாரன்ஸ் என்ற பிரசுராலயத்துக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். எழுதித் தாருங்கள் என்றார்கள். அப்படி 1934ல் வெளிவந்ததுதான் 'பிரபுக்களுக்கு எதிரே வில்லாளிகள்' என்று பொருள்படும் பெயர் கொண்ட அவருடைய முதல் நாவல்.

நல்ல ராஜா வரவில்லை

ராபின் ஹூட் கதை நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியும். பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்த காட்டு வீரன். ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் கதை எப்படி முடிகிறது? கெட்டவன் ஷெரீப். அவனைவிடக் கெட்டவன் இளவரசன் ஜான். நல்ல ராஜா ரிச்சர்டு தூரதேசம் போயிருக்கிறார். அவர் திரும்பி வந்ததும் ராபின் ஹூட் மண்டியிட்டு வணங்குகிறான், ராஜா மன்னிக்கிறார், எல்லாம் சுபம்.

இந்தச் சூத்திரம் நமக்குப் புதிதா? மந்திரி கெட்டவன், ராஜா நல்லவன். கங்காணி கெட்டவன், முதலாளி தங்கமானவர். மானேஜர்தான் கூலியைப் பிடிக்கிறார், எஜமானுக்கு விஷயமே தெரியாது. நம் ஊர்களில் இன்றும் இப்படிச் சொல்பவர்கள் உண்டு. இந்தச் சமாதானத்தைச் சின்ன வயதிலேயே கதையாக ஊட்டிவிட்டால், பெரியவன் ஆன பிறகு எஜமானின் வாசலில் கைகட்டி நிற்பது சுலபம்.

அந்த நல்ல ராஜா ரிச்சர்டின் யோக்கியதையைப் பார்ப்போமா? 1189 முதல் 1199 வரை பத்து வருஷம் ராஜாவாக இருந்தார். அந்தப் பத்து வருஷத்தில் அவர் இங்கிலாந்தில் இருந்தது ஏறத்தாழ ஆறே மாதம். மற்றக் காலமெல்லாம் வெளிநாடுகளில் யுத்தம். திரும்பும் வழியில் பிடிபட்டுச் சிறையிருந்தபோது, அவரை மீட்க 1,50,000 மார்க் வெள்ளி கேட்டார்கள். அதைத் திரட்டக் குடிகளின் வருமானத்திலும் அசையும் பொருளிலும் நாலில் ஒரு பங்கு வரி போட்டார்கள். கொடுத்தவன் குடியானவன். பாட்டும் புகழும் ராஜாவுக்கு!

டிரீஸின் கதையில் இந்த நல்ல ராஜா வந்து காப்பாற்றவில்லை. கதாநாயகன் டிக்கன் என்ற பண்ணையடிமைப் பையன். ராஜாவின் மானை அம்பெய்து கொன்றுவிடுகிறான். அந்தக் காலத்து இங்கிலாந்தில் காட்டு மான் ராஜாவின் சொத்து. குடியானவன் அதைத் தொட்டால் கடுந்தண்டனை. காட்டுப் பன்றி கூட்டமாக இறங்கிக் கடலையையும் மரவள்ளியையும் கிளறிப் போட்டாலும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்து நிற்க வேண்டிய மலையடிவாரத்து விவசாயிக்கு, டிக்கனின் நிலைமையை நாம் விளக்கத் தேவையில்லை. டிக்கன் காட்டுக்கு ஓடி ராபின் ஹூட்டின் கூட்டத்தில் சேருகிறான். அங்கே நடப்பது வெறும் வழிப்பறி அல்ல. பண்ணையடிமைகள், கைவினைஞர்கள் எல்லோரையும் திரட்டிப் பிரபுக்களுக்கு எதிராக எழும் கலகம். அந்தக் கலகம் தோற்கிறது. ராபின் ஹூட் சதியால் கொல்லப்படுகிறான். ஆனால் டிக்கன் மனம் உடைந்து போகவில்லை.

பிள்ளைகள் கதையில் தோல்வியா என்று கேட்கலாம். ஆமாம், தோல்விதான். வேலைநிறுத்தம் செய்து தோற்று, மறுபடி சங்கத்தைக் கட்டிய மில் தொழிலாளிக்கு அந்தத் தோல்வியின் பொருள் விளங்கும். ராஜா வந்து காப்பாற்றுவார் என்று முடியும் கதையைக் காட்டிலும், நம்மைக் காப்பாற்ற நாமே மறுபடி கூட வேண்டும் என்று முடியும் கதை பிள்ளைக்குத் தைரியம் தருவது.

இந்தப் புத்தகம் ரஷ்ய மொழியிலும் வந்தது. அங்கே அதற்குச் சேர்ந்த எழுத்தாளர் பங்குத் தொகையைக் கொண்டு, 1935ல் டிரீஸ் மனைவியோடு போய்ப் பல மாதங்கள் தங்கிச் சுற்றிப் பார்த்து வந்தார். சோவியத் யூனியன் 1991ல் கலைந்து போனது. ஆனால் டிக்கன் கதை அதற்குப் பிறகும் இங்கிலீஷில் மறுபதிப்பு கண்டது.

ஆலைத் தொழிலாளிக்கும் இடம், பெண்பிள்ளைக்கும் இடம்

அதே 1934ல் டிரீஸ் இன்னொரு நாவலும் எழுதினார். அது சாசன இயக்கத்தைப் பற்றியது. வயது வந்த ஆண்கள் அனைவருக்கும் ஓட்டு, ரகசிய வாக்கெடுப்பு, சொத்து இல்லாதவனும் பார்லிமெண்டுக்கு நிற்கும் உரிமை, மெம்பர்களுக்குச் சம்பளம் என்றெல்லாம் ஆறு கோரிக்கைகளை வைத்து இங்கிலாந்துத் தொழிலாளர்கள் நடத்திய போராட்டம் அது. 1839 நவம்பரில் வேல்ஸ் பகுதியில் நியூபோர்ட் நகரத்துக்கு ஊர்வலமாக வந்த சுரங்க, இரும்பாலைத் தொழிலாளர்கள்மீது பட்டாளம் சுட்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இன்று ஓட்டுச்சாவடியில் மறைப்புக்குப் பின்னால் நின்று நாம் ஓட்டுப் போடுகிறோமே, அந்த ரகசிய வாக்கு ராஜா போட்ட பிச்சை அல்ல, ஆலைத் தொழிலாளி உயிரைக் கொடுத்துக் கேட்டது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதை வேண்டாமா? டிரீஸ் சொன்னார்.

1940ல் வந்த 'கியூ ஃபார் டிரீசன்' என்ற நாவல்தான் இவருடைய புத்தகங்களில் மிகவும் பெயர் பெற்றது. அது ஷேக்ஸ்பியர் காலத்துக் கதை. ஊர்ப் பொது நிலத்தைப் பெரிய மனிதர் ஒருவர் சுவர் கட்டி வளைத்துக்கொள்கிறார். ராத்திரியோடு ராத்திரியாக ஊர் ஜனங்கள் போய் அந்தச் சுவரை இடிக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்து பெரிய மனிதர்மீது கல் எறிந்த பையன் பீட்டர் ஊரை விட்டு ஓட வேண்டியதாகிறது. அங்கிருந்து கதை தொடங்குகிறது. மேய்ச்சல் புறம்போக்குக்கும் களத்துமேட்டுக்கும் வேலி விழுவதைப் பார்த்த கிராமத்துப் பிள்ளைக்கு இந்தக் கதை நானூறு வருஷத்துக்கு முந்திய அன்னிய நாட்டுக் கதையாகவா தோன்றும்?

ஓடிய பீட்டர் நாடகக் கோஷ்டியில் சேருகிறான். அவனோடு சேருபவள் கிட் என்ற பெண். ஆண் வேஷம் போட்டுக்கொண்டு ஓடி வந்தவள். அவள் யாரோ காப்பாற்றுவார்கள் என்று அழுதுகொண்டு நிற்பவள் அல்ல. புத்தியிலும் துணிச்சலிலும் பீட்டருக்குச் சமமானவள், சில இடங்களில் அவனுக்கு மேலானவள். பிள்ளைகள் கதை என்றால் ஆண்பிள்ளைக்கு யுத்தம், பெண்பிள்ளைக்கு வீடு என்று பிரித்து வைத்திருந்த காலத்தில், இருவருக்கும் ஒரே கதையில் சம வேலை கொடுத்தார் டிரீஸ்.

பாஷையையும் அவர் மாற்றினார். பழங்காலக் கதை என்றால் பழங்காலச் சொற்களைப் போட்டு நிரப்பும் வழக்கம் அங்கே இருந்தது. இங்கே "மன்னர் மன்னா! தங்கள் சித்தம் அடியேன் பாக்கியம்!" என்று எழுதுகிறார்களே, அந்த மாதிரி. டிரீஸ் அதைத் தூக்கி எறிந்தார். அந்தக் காலத்து மனிதர்களும் பசித்தால் பசிக்கிறது என்றுதான் சொல்லியிருப்பார்கள் என்று தெளிவான, இன்றைய பேச்சுக்கு நெருக்கமான நடையில் எழுதினார்.

"இது பிரசாரம்" என்ற கூச்சல்

"இதெல்லாம் பிரசாரம், இலக்கியம் ஆகாது" என்று அங்கேயும் சொன்னார்கள், இங்கேயும் சொல்கிறார்கள். கிளைவுக்குப் பின்னால் பையனை அனுப்பியது பிரசாரம் அல்ல. பண்ணையடிமைப் பையனைக் கதாநாயகன் ஆக்கினால் பிரசாரம்! இந்தத் தராசு யாருடைய கடைத் தராசு என்று நமக்குத் தெரியும்.

ஆனால் இதில் இன்னொரு பக்கமும் உண்டு. அதையும் சொல்லியாக வேண்டும். டிரீஸின் முதல் நாவலில் கோஷம் அதிகம். பிரபு என்றால் முழுக்கக் கெட்டவன், குடியானவன் என்றால் முழுக்க நல்லவன் என்ற வார்ப்பு அதில் உண்டு. பின்னாளில் அவரே அந்தப் புத்தகத்தைத் திருத்தி வெளியிட்டார். பிற்காலக் கதைகளில் கோஷம் குறைந்தது, ரத்தமும் சதையுமான மனிதர்கள் கூடினார்கள். ஆனால் பொது நிலத்தை வளைத்த சுவரை அவர் நியாயப்படுத்தவில்லை.

நம் பக்கத்தில் நின்று பிள்ளைகளுக்கு எழுதுகிறவர்கள் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். கூட்டத்தில் பேச வேண்டிய பேச்சைப் பத்து வயதுப் பையன் வாயில் திணித்துவிட்டு அதற்குக் கதை என்று பெயர் வைத்தால், பிள்ளை புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பம்பரம் விடப் போய்விடும். அது பிள்ளையின் குற்றம் அல்ல. அடுத்த பக்கத்தில் என்ன நடக்கும் என்ற பதைப்பு வேண்டும். ஹென்டிக்கு அந்த வித்தை தெரிந்திருந்தது. அதனால்தான் அவருடைய விஷம் இனிப்பாக இறங்கியது. டிரீஸுக்கும் அந்த வித்தை தெரிந்திருந்தது. அதனால்தான் அவர் ஹென்டியின் இடத்தை அசைக்க முடிந்தது.

இரண்டாவது உலக யுத்தத்தின்போது டிரீஸ் ராணுவத்தின் கல்விப் பிரிவில் வேலை செய்தார். இந்தியாவிலும் இருந்தார். யுத்தம் முடிந்த பிறகு, 1949ல், பிள்ளைகளுக்கான புத்தகங்களை ஆராய்ந்து ஒரு விமர்சன நூல் வெளியிட்டார். குழந்தைப் புத்தகம் விளையாட்டுச் சாமான் அல்ல, பெரியவர்கள் புத்தகத்தைப் போலவே அதையும் பொறுப்போடு எடைபோட வேண்டும் என்று வாதாடினார். இந்த வாதத்தைத்தான் நாம் இங்கே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம் சரித்திரத்தில் சரக்கு இல்லையா?

தமிழில் சரித்திரக் கதைக்குப் பஞ்சம் இல்லை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை பத்திரிகையில் தொடராக வந்தபோது வீட்டில் பெரியவர்களும் சிறியவர்களும் போட்டி போட்டுக்கொண்டு படித்தார்கள். 2022லும் 2023லும் அது இரண்டு பாகமாகச் சினிமாவாக வந்தது. கல்கியின் எழுத்துத் திறமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவருக்குப் பின்னால் வந்த கூட்டத்தில் பலர் அவருடைய திறமையை விட்டுவிட்டுக் குதிரையையும் வாளையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

"உழைப்பாளிகளைப் பற்றிச் சரித்திரத்தில் ஆதாரம் கிடையாதே, ராஜாக்களைப் பற்றித்தானே கல்வெட்டு இருக்கிறது" என்று ஒரு சப்பைக்கட்டு கட்டுகிறார்கள். பொய்! அதே ராஜராஜனின் கல்வெட்டுகளில்தான் தீண்டாச்சேரியும் பறைச்சேரியும் வருகின்றன. அதே தஞ்சைப் பெரிய கோயில் சுவரில்தான் ஊர் ஊராகக் கொண்டுவந்து குடியேற்றப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. சோழர் காலத்தில் மனிதர்களை விற்று எழுதிய பத்திரத்துக்கு "ஆள்விலைப் பிரமாணம்" என்றே பெயர் இருந்தது. 1429ல் காவிரிப் பாசனப் பகுதியில் வலங்கை, இடங்கைச் சாதியார் ஒன்றுகூடி, விஜயநகர அதிகாரிகளும் நிலவுடைமையாளர்களும் சேர்ந்து வாங்கும் அநியாய வரியைக் கொடுக்க மாட்டோம் என்று தீர்மானித்ததைக் கொறுக்கை முதலிய ஊர்களின் கோயில் கல்வெட்டுகள் சொல்கின்றன. கல்லில் இருக்கிறது. கதையில்தான் இல்லை.

வைகையின் கரையில் காத்திருக்கும் கதைகள்

தஞ்சாவூர் வரை போவானேன்? மூல வைகை இறங்கி வரும் இந்த மயிலாடும்பாறையில் நின்று ஆற்றின் போக்கிலேயே நடந்து பார்ப்போம்.

நம்முடைய ஆண்டிபட்டி தாலுகாவிலேயே, வைகைக் கரையில் புலிமான்கோம்பை இருக்கிறது. 2006ல் அங்கே மூன்று நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டன. தமிழி எழுத்துப் பொறித்தவை. ஏறத்தாழ 2,200 வருஷங்களுக்கு முற்பட்டவை என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். அவற்றில் ஒன்று, மாடு கவரும் சண்டையில் செத்துப்போன தீயன் அந்தவன் என்பவனுக்காக நட்டது. அவன் சேரன் அல்ல, சோழன் அல்ல, பாண்டியன் அல்ல. மாடு வைத்துப் பிழைத்த சமூகத்து மனிதன். அவனுக்கு ஒரு மகள் இருந்திருந்தால், கல் நட்ட அன்று அவள் எங்கே நின்றிருப்பாள்? ஒரு பிள்ளைக் கதை அங்கே கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது.

இன்னும் கீழே போனால் கீழடி. 2014ல் தொடங்கிய அகழாய்வில் கிடைத்தவை என்ன? நூல் நூற்கும் தக்களி, நெசவுக்கான எலும்புக் கருவி, உறைகிணறு, சுடுமண் பொம்மை, தாயக்கட்டை, ஆதன் என்றும் குவிரன் என்றும் பெயர் கீறிய பானை ஓடு. பஞ்சாலைத் தோழர்களே, நீங்கள் இன்று ஸ்பிண்டிலில் இழுக்கும் நூலை இரண்டாயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன்னால் இதே ஆற்றங்கரையில் கையால் இழுத்தவர்கள் அவர்கள். உங்கள் தொழிலின் வயது பல ராஜவம்சங்களின் வயதைவிட அதிகம்.

இந்தக் கீழடியை வைத்து ஒருவர் பிள்ளைகளுக்குக் கதை எழுதியும் இருக்கிறார். கோவில்பட்டியைச் சேர்ந்த உதயசங்கர், ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக வேலை பார்த்தவர். அவருடைய 'ஆதனின் பொம்மை' என்ற இளையோர் நாவலுக்கு 2023ல் சாகித்திய அகாடமியின் பால சாகித்திய விருது கிடைத்தது. இங்கே ராஜாவின் வாளுக்குப் பதில் ஒரு பிள்ளையின் பொம்மை தலைப்பில் ஏறியிருக்கிறது. டிரீஸ் அங்கே செய்தது இங்கேயும் முடியும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

கம்பம் பள்ளத்தாக்கைப் பாருங்கள். முல்லைப் பெரியாறு அணை 1895ல் திறக்கப்பட்டது. பென்னிகுவிக்கின் பெயர் இங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். அது நியாயம்தான். ஆனால் அடர்ந்த காட்டில், கொட்டும் மழையில், காய்ச்சலுக்கும் காலராவுக்கும் நடுவில் கல்லும் சுண்ணாம்பும் சுமந்து, மலையைக் குடைந்து தண்ணீரைத் திருப்பிவிட்டு, அங்கேயே மடிந்துபோன கூலிகளின் பெயரைச் சொல்லும் ஒரு கதை உண்டா? பென்னிகுவிக்கைக் குறைக்கச் சொல்லவில்லை. அவர் பக்கத்தில் கூடை சுமந்த ஒரு பிள்ளையையும் நிறுத்துங்கள் என்கிறோம்.

மலைக்கு அந்தப் பக்கம் உசிலம்பட்டி வட்டாரத்தில் பெருங்காமநல்லூர். குற்றப்பரம்பரைச் சட்டம் என்ற பெயரில் பிறந்த குழந்தையையும் குற்றவாளி என்று முத்திரை குத்தி, தினமும் கைரேகை வைக்கச் சொன்னது பிரிட்டிஷ் சர்க்கார். வைக்க மாட்டோம் என்று எதிர்த்து நின்றதற்காக, 1920 ஏப்ரல் 3ந் தேதி மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இதை ஒரு சாதியின் பெருமைக் கதையாகச் சுருக்கப் பார்ப்பவர்கள் உண்டு. கட்டைவிரல் ரேகைக்காக உயிரைக் கொடுத்தது மனிதனின் மானத்தைப் பற்றிய கதை. அது எல்லாப் பிள்ளைகளுக்கும் சொந்தம்.

கோயம்புத்தூரில் சின்னியம்பாளையம் தோழர்கள் ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன் என்ற நான்கு பஞ்சாலைத் தொழிலாளர்கள் 1946 ஜனவரி 8ந் தேதி தூக்கிலிடப்பட்டார்கள். நம் மில் தொழிலாளர்களின் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்த நாலு பெயர் தெரியும்? கிளைவின் பெயர் தெரியும்!

நாம் செய்ய வேண்டியது

பிள்ளைகளின் படிப்பு வாத்தியார் பாடு என்று ஒதுங்கி இருக்க முடியாது. "வயிற்றுப்பாட்டுக்கே வழியில்லை, கதைப் புத்தகத்துக்கு எங்கே போவது?" என்று கேட்கும் தோழர்களுக்கு ஒரு விஷயம் சொல்கிறோம். தமிழ்நாட்டில் 1948ம் வருஷத்திலிருந்தே பொது நூலகச் சட்டம் இருக்கிறது. நாம் கட்டும் வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா வீதம் நூலக வரியும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். ஆகவே ஊர்ப்புற நூலகம் தர்மம் அல்ல, நம் காசு. எந்தப் புத்தகம் வாங்க வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. நூலகம் பூட்டிக் கிடந்தால் ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று கேட்கவும் உரிமை உண்டு. சங்கக் கிளைகள் கூலி கேட்டு மனுக் கொடுக்கும்போது, பிள்ளைகளுக்குப் புத்தகம் கேட்டும் ஒரு மனுக் கொடுக்கட்டும்.

எழுதத் தெரிந்த தோழர்கள் எழுதட்டும். எழுதத் தெரியாதவர்கள் சொல்லட்டும். உங்கள் தாத்தா எந்த ஊரிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தார், பாட்டி எத்தனை படி நெல்லுக்கு நாள் முழுக்கக் களை எடுத்தாள், ஆலையில் முதல் சங்கம் எப்படிக் கூடியது என்பதெல்லாம் சரித்திரம்தான். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் செல்போனை அரை மணி நேரம் ஓரமாக வைத்துவிட்டு அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பெண்பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லுங்கள். பாட்டியையே சொல்ல வைத்தால் இன்னும் நல்லது.

டிரீஸ் 1934ல் ராஜாவின் மானை எய்த ஒரு பண்ணையடிமைப் பையனைத் தேடிக் கண்டுபிடித்துக் கதாநாயகனாக உட்கார வைத்தார். நமக்குத் தேடும் சிரமம் கூட இல்லை. அப்படிப்பட்ட பிள்ளைகள் நம் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டு விழாவில் குடியானவன் வேஷத்துக்கும் பத்துப் பிள்ளைகள் முண்டியடித்து வர வேண்டும். அதற்கான கதையை இன்றைக்கே சொல்லத் தொடங்குவோம்.